ஒரு டாலர் ஊசி

உங்கள் இடது தோளுக்குச் சற்றுக் கீழே பாருங்கள். ஒரு சின்னத் தழும்பு இருக்கும். பிறந்த சில நாட்களில் போட்ட பி.சி.ஜி. ஊசியின் மிச்சம் அது. கொஞ்சம் வயதானவர் என்றால், பக்கத்திலேயே பெரியம்மைக்குக் குத்திய வட்டத் தழும்பும் இருக்கலாம். ஊசி குத்தியபோது வீடே அதிரும்படி அழுதிருப்பீர்கள். ஆனால், 'இது வேலை செய்யுமா? யார் தயாரித்தது? என்ன விலை?' என்று கேட்டிருக்க மாட்டீர்கள். உங்கள் அம்மாவும் கேட்டிருக்க மாட்டார். நர்ஸம்மா சொன்னார், கையைக் காட்டினோம். அவ்வளவுதான்!

தடுப்பூசியின் விசித்திரமே இதுதான். மாத்திரையை நோயாளி சாப்பிடுகிறார். ஆபரேஷனை நோயாளி செய்துகொள்கிறார். தடுப்பூசியை மட்டும் நன்றாக இருக்கிறவர் போட்டுக்கொள்கிறார். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, கொழுகொழுவென்று சிரிக்கிற குழந்தை. அதைத் தூக்கிக்கொண்டு போய் 'குத்துங்கள்' என்று கொடுக்கிறோம். வலியில் துடிக்கிறவர் 'எதையாவது கொடுத்து என்னைக் காப்பாற்றுங்கள்' என்பார். நன்றாக இருக்கிறவர் அப்படிச் சொல்ல மாட்டார். அவருக்கு இரண்டு கேள்விகள் உண்டு. இதை என்னால் வாங்க முடியுமா? இதை நான் நம்பலாமா?

இந்த இரண்டு கேள்விகளையும் பிடித்துக்கொண்டு போனால், நம் ஊர்க்காரர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. இரண்டுமே திருவள்ளூர் மாவட்டத்தில் கொண்டுபோய் விடும். முதல் கேள்விக்குத் தன் வாழ்க்கையையே பதிலாக்கியவர், திருத்தணிப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்த விவசாயி மகன். இரண்டாவது கேள்விக்குப் பதில் தந்தவர்கள், அந்த வட்டாரத்தின் லட்சக்கணக்கான ஜனங்கள். ஜனங்களின் கதைதான் மூத்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

*

1950-களில் பி.சி.ஜி. ஊசி ஒரு பெரிய விவாதப் பொருள். 1948-லேயே கிண்டியில் பி.சி.ஜி. தயாரிக்கும் கூடம் வந்துவிட்டது. ஊர் ஊராகப் போய் ஊசி போட்டார்கள். ஆனால், 'இது அவசியமா, பாதுகாப்பானதா?' என்று சந்தேகப்பட்டவர்களும் இருந்தார்கள். அதில் ஒருவர் சாதாரண ஆள் இல்லை. ராஜாஜி! 1955-ல், தான் ஏன் இந்த ஊசியை எதிர்க்கிறேன் என்று தனியாக ஒரு புத்தகமே போட்டார்.

விஞ்ஞானிகளிடமும் உறுதியான பதில் இல்லை. பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்த்தபோது முக்கால் பங்குக்கும் மேல் பாதுகாப்பு கிடைத்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் போட்டுப் பார்த்தபோது பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரே பெயர் கொண்ட ஊசி, ஒரு ஊரில் வீரன், இன்னொரு ஊரில் சோப்ளாங்கி! இந்தியாவில் எப்படி இருக்கும்? யாருக்கும் தெரியாது. தெரியாமலேயே கோடிக்கணக்கான கைகளில் குத்திக்கொண்டிருந்தோம்.

சரி, ஒரேயடியாகப் பரீட்சை வைத்துப் பார்த்துவிடுவோம் என்று முடிவானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை ஆகிய மூன்றும் கைகோத்தன. தேர்ந்தெடுத்த இடம், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் திருவள்ளூரைச் சுற்றியிருந்த 209 பஞ்சாயத்துகளும் 9 டவுன்களும். (திருவள்ளூர் தனி மாவட்டம் ஆனது 1997-ல்தான்.)

1968-ல் வேலை ஆரம்பித்தது. வீடு வீடாக நம்பர் போட்டார்கள். வீட்டில் எத்தனை பேர், என்ன வயது என்று எழுதிக்கொண்டார்கள். சுமார் 3.66 லட்சம் பேர் பதிவானார்கள். உடம்பில் ஏற்கெனவே காசநோய்க் கிருமி நுழைந்திருக்கிறதா என்று தோலில் மருந்து ஏற்றிச் சோதித்தார்கள். பெரியவர்களுக்கு எக்ஸ்-ரே எடுத்தார்கள். பிறகு ஊசி. 2.8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போட்டுக்கொண்டார்கள்.

இதில்தான் சூட்சுமம். சிலருக்கு நிஜ பி.சி.ஜி., சிலருக்கு மருந்தே இல்லாத சும்மா ஊசி. யாருக்கு எது என்று போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது. மருந்துக் குப்பியில் ரகசிய எண் மட்டும்தான். ஏன் இந்தக் கண்ணாமூச்சி? தெரிந்தால் மனசு ஒருபக்கம் சாயும். நிஜ ஊசி போட்டவரின் இருமலை டாக்டர் லேசாக எடுத்துக்கொள்வார். சும்மா ஊசி போட்டவரின் இருமலை உற்றுப் பார்ப்பார். ஆக, கணக்கைத் திறக்கும் நாள்வரை எல்லோர் கண்ணையும் கட்டிவிட வேண்டும்.

1971 மார்ச்சில் ஊசி போட்டு முடித்தார்கள். அதன் பிறகு காத்திருப்பு. இரண்டரை ஆண்டுகளுக்கு ஒரு தடவை மறுபடி வீடு வீடாகப் போய் எக்ஸ்-ரே, சந்தேகம் வந்தவர்களுக்குச் சளிப் பரிசோதனை. ஒரு தடுப்பூசிக்காக நடந்த பரீட்சைகளில் உலகின் மிகப் பெரியவற்றுள் இதுவும் ஒன்று.

ஏழரை ஆண்டுக் கணக்கு வந்தபோது உலகமே திகைத்தது. நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் பி.சி.ஜி. போட்டவருக்கும் சும்மா ஊசி போட்டவருக்கும் வித்தியாசமே இல்லை. பாதுகாப்பு, பூஜ்யம்! பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 1999-ல் வெளியிட்ட இறுதிக் கணக்கிலும் பெரியவர்களுக்குப் பலன் இல்லை. குழந்தைகளுக்கு மட்டும் 27 சதவீதம் என்று கொஞ்சம் தெரிந்தது.

யோசித்துப் பாருங்கள். மூன்று பெரிய அமைப்புகள், கணக்கில்லாத பணம், நாடே போட்டுக்கொண்டிருக்கும் ஒரு ஊசி. ரிசல்ட் 'ஃபெயில்'. அதை மூடி மறைக்க எத்தனை காரணம் சொல்லியிருக்கலாம்? மறைக்கவில்லை. அப்படியே பத்திரிகையில் போட்டார்கள். இன்றைக்கும் உலகத்தின் எந்த மூலையில் மருத்துவம் படிக்கிறவனும் காசநோய்ப் பாடத்தில் 'செங்கல்பட்டு டிரையல்' என்ற பெயரைத் தாண்டித்தான் போக வேண்டும். இந்த மண்ணில் ஏற்கெனவே பரவிக் கிடக்கும் காசநோய்க் கிருமியின் சாதுவான பங்காளிகள்தான் ஊசியின் வேலையைக் கெடுத்திருக்க வேண்டும் என்ற வாதம் அதிலிருந்துதான் வலுப்பெற்றது.

'அப்படியானால் எங்கள் குழந்தைகளுக்கு ஏன் இன்னமும் போடுகிறார்கள்?' என்று கோபப்படாதீர்கள். சின்னக் குழந்தைகளுக்குக் காசநோய் மூளை வரை போய்த் தாக்கும் கொடூர வடிவம் ஒன்று உண்டு. அதை பி.சி.ஜி. நன்றாகவே தடுக்கிறது. அதனால் பிறந்த குழந்தைக்குப் போடுகிறார்கள். இந்த ஊசி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்ற தெளிவு நமக்கு எப்படி வந்தது? திருவள்ளூர் ஜனங்கள் கையை நீட்டியதால் வந்தது. அவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது.

*

இனி அந்த விவசாயி மகன்.

திருத்தணி என்றால் நமக்கு முருகன். ஆனால் அந்த மலை தமிழ்நாட்டு வரைபடத்துக்குள் வந்து சேர்ந்தது 1960 ஏப்ரல் 1-ம் தேதிதான். ஆந்திரா பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அங்கே போய்விட்டது. ம.பொ.சி. போன்றவர்கள் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, பேச்சுவார்த்தை நடந்து, திருத்தணி இங்கே வந்தது. பதிலுக்கு சத்தியவேடு வட்டாரம் அங்கே போனது. கோட்டை மாற்றிப் போடலாம், மொழியை அப்படி வெட்ட முடியுமா? வீட்டுக்குள் தெலுங்கு, கடைத்தெருவில் தமிழ் என்று வாழும் குடும்பங்கள் அந்தப் பக்கம் ஏராளம்.

அப்படி ஒரு குடும்பம்தான், திருத்தணிக்கு அருகே நெமிலி கிராமத்தில் இருந்த எல்லா குடும்பம். 'எல்லா' என்பது குடும்பப் பெயர். அந்த வீட்டுப் பையன் கிருஷ்ணமூர்த்தி எல்லா. உலகம் அவரை கிருஷ்ணா எல்லா என்று அழைக்கிறது. பாரத் பயோடெக் கம்பெனியை நிறுவியவர். கொரோனா காலத்து 'கோவாக்சின்' அந்தக் கம்பெனியில் செய்ததுதான்.

டாக்டருக்குப் படித்தவர் என்று நினைப்பீர்கள். இல்லை. படித்தது பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தில், விவசாயம். படித்துவிட்டு ஊருக்கு வந்து நிலத்தைப் பார்க்கலாம் என்ற ஆசை இருந்தது. வீட்டு நிலைமை சம்பளத்தைக் கேட்டது. பேயர் கம்பெனியின் விவசாயப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். அதோடு நின்றிருந்தால், பூச்சி மருந்து விற்பனையில் பெரிய அதிகாரியாகி ரிட்டயர் ஆகியிருப்பார்.

ரோட்டரி சங்கத்தின் உதவித்தொகை ஒன்று வழியை மாற்றியது. பசிப் பிணி ஒழிப்புக்கான ஸ்காலர்ஷிப் அது. அமெரிக்கா போனார். ஹவாய் பல்கலைக்கழகத்தில் முதுகலை, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மூலக்கூறு உயிரியலில் டாக்டர் பட்டம். பிறகு தெற்கு கரோலினா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலை. நல்ல சம்பளம், நல்ல வீடு. நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்குக் கதை இந்த இடத்தில் 'சுபம்' போட்டு முடிந்துவிடும்.

இவருக்கு முடியவிடாமல் செய்தவர் அம்மா. அவரே பல பேட்டிகளில் சொன்ன விஷயம் இது. 'வயிறு ஒன்பது அங்குலம்தான். எத்தனை சம்பாதித்தாலும் அதற்கு மேல் சாப்பிட முடியாது. ஊருக்கு வந்து உனக்குப் பிடித்ததைச் செய், சோறு நான் போடுகிறேன்' என்கிற அர்த்தத்தில் அம்மா சொல்லியிருக்கிறார். 1996-ல் மனைவி சுசித்ராவோடு திரும்பினார். சுசித்ரா எல்லா கம்பெனியின் இணை நிறுவனர். கணவர் ஆராய்ச்சி என்றால், நிர்வாகம் அவர்.

*

திரும்பி வந்தவர் கையில் எடுத்தது ஹெபடைடிஸ்-பி என்ற மஞ்சள் காமாலைக்கான தடுப்பூசி. ரத்தத்தின் வழியாகப் பரவி, கல்லீரலில் சத்தமில்லாமல் குடியிருந்து, பல வருஷம் கழித்துப் புற்றுநோய்வரை இழுத்துப் போகிற கிருமி. அதற்கு வெளிநாட்டில் ஊசி இருந்தது. ஆனால் விலை? ஒரு டோஸே பல நூறு ரூபாய். ஆளுக்கு மூன்று டோஸ். வீட்டில் நாலு பேர் என்றால், அன்றைய ஒரு குமாஸ்தாவின் மாதச் சம்பளம் காலி!

எல்லா சொன்னது: 'நான் ஒரு டாலருக்குத் தருகிறேன்.'

பணம் கொடுக்க வேண்டியவர்கள் சிரித்தார்கள். முப்பது, நாற்பது டாலருக்கு விற்கிற சரக்கை ஒரு டாலருக்கு எப்படித் தருவாய்? அவர் போட்ட திட்டம் 12.5 கோடி ரூபாய்க்கு. கடைசியில் ஐ.டி.பி.ஐ. வங்கி கை கொடுத்தது.

எப்படிச் செய்தார் என்பது சுவாரஸ்யமான விஷயம். அந்தக் கிருமியின் மேல்தோலில் ஒரு புரதம் இருக்கிறது. அதை மட்டும் உடம்புக்குக் காட்டினால் போதும், உடம்பு எதிரியை அடையாளம் தெரிந்துகொள்ளும். அந்தப் புரதத்தைச் செய்யச் சொல்லும் மரபணுவை மட்டும் எடுத்து ஈஸ்டுக்குள் வைத்துவிடுவார்கள். ஆமாம், பேக்கரியில் மாவைப் புளிக்க வைக்கிற அதே ஈஸ்ட் ஜாதி. பெரிய எஃகுத் தொட்டியில் ஈஸ்ட் மளமளவென்று பெருகும். பெருகப் பெருகப் புரதமும் சேரும். பிறகு ஈஸ்டை உடைத்து, அந்தக் குப்பையிலிருந்து புரதத்தை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும்.

செலவெல்லாம் இந்தக் கடைசி வேலையில்தான். சீசியம் குளோரைடு என்ற கனமான உப்பைச் சேர்த்து, அசுர வேகத்தில் சுழற்றிப் பிரிப்பது பழைய முறை. உப்பும் விலை அதிகம், மெஷினும் விலை அதிகம், நேரமும் ஆகும். அந்த உப்பின் மிச்சம் ஊசியில் இருக்கவும் கூடாது. பாரத் பயோடெக் அந்த உப்பே இல்லாமல் சுத்தம் செய்யும் வழியைக் கண்டுபிடித்தது. விலை இறங்கிய ரகசியம் அதுதான். கண்டுபிடிப்பு என்றால் ஏதோ புது மருந்து என்று நாம் நினைக்கிறோம். பழைய மருந்தை ஏழைக்கு எட்டும் விலையில் செய்வதும் கண்டுபிடிப்புதான்.

இதில் இவர் தனி ஆள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்தியாவின் முதல் ஹெபடைடிஸ்-பி ஊசியை 1997-ல் கொண்டுவந்தது வரப்பிரசாத் ரெட்டியின் சாந்தா பயோடெக்னிக்ஸ். அதுவும் ஹைதராபாத். இரண்டு கம்பெனிகளும் போட்டி போட, விலை சரசரவென்று சரிந்தது. அரசுக் கொள்முதலில் ஒரு டாலருக்கும் கீழே போனது. 2011-ல் நாடு முழுவதும் குழந்தைகளுக்கு இந்த ஊசி இலவசமாகக் கிடைக்க ஆரம்பித்தது. பல நூறு ரூபாய் விலையில் இருந்திருந்தால் எந்த அரசாங்கம் இதைச் செய்திருக்கும்?

*

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு கேள்வி வந்திருக்கும். 'திருத்தணிக்காரர் ஏன் ஹைதராபாத்துக்குப் போனார்? அதே மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டி இல்லையா?'

நியாயமான கேள்வி. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் இருக்கிறது. சென்னை-கொல்கத்தா நெடுஞ்சாலை இருக்கிறது, ரயில் இருக்கிறது, துறைமுகம் பக்கம். ஆனால் அங்கே வளர்ந்தது இரும்பு. உருக்காலை, வார்ப்படம், ரசாயனம். தடுப்பூசி அப்படி ஒரு ஷெட்டில் தனியாக வளரும் பயிர் இல்லை. ஆராய்ச்சிக் கூடம், படித்த ஆட்கள், சுத்தமான தண்ணீர், நிற்காத கரன்ட், குளிரூட்டிய கிடங்கு எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும். ஹைதராபாத்தில் சி.சி.எம்.பி. என்ற மத்திய ஆராய்ச்சி நிலையம் இருந்தது. ஐ.டி.பி.எல். என்ற பொதுத்துறை மருந்துக் கம்பெனி ஒரு தலைமுறையையே பயிற்றுவித்திருந்தது. டாக்டர் ரெட்டீஸ் நிறுவிய அஞ்சி ரெட்டியே அங்கே வேலை பார்த்தவர்தான். எல்லா போய், 'இதற்கென்றே ஒரு பேட்டை வேண்டும்' என்று கேட்டார். சந்திரபாபு நாயுடு அரசு நிலத்தைக் காட்டியது. ஊருக்கு வெளியே ஷாமீர்பேட்டைப் பக்கம் 'ஜீனோம் வேலி' எழுந்தது.

நம்மிடம் ஒன்றுமே இல்லையா? இருந்தது, ஏராளமாக! கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் 1899-லிருந்து இருக்கிறது. குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907-லிருந்து. கிண்டி பி.சி.ஜி. கூடம் 1948-லிருந்து. இந்தியாவுக்கே ஊசி கொடுத்த இடங்கள் இவை. ஆனால் கட்டடங்களையும் மெஷின்களையும் காலத்துக்கேற்ப யாரும் புதுப்பிக்கவில்லை. 2008 ஜனவரியில், தரம் போதாது என்று சொல்லி, குன்னூர், கிண்டி பி.சி.ஜி. கூடம் இரண்டின் தயாரிப்பையும் மத்திய அரசு நிறுத்திவிட்டது. 2010-ல்தான் தடை நீங்கியது. பிறகு 2012-ல், செங்கல்பட்டில் 594 கோடி ரூபாய்க்கு ஒரு பெரிய தடுப்பூசி வளாகம் என்று அறிவித்தார்கள். கட்டினார்கள். 2021 மே மாதம், ஊசிக்கு ஜனங்கள் விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்றபோது, அந்த வளாகம் உற்பத்தி தொடங்காமலே கிடந்தது. முதல்வர் ஸ்டாலின் நேரில் போய்ப் பார்த்தார். 'எங்களிடம் கொடுங்கள், நடத்துகிறோம்' என்று கேட்டுப் பார்த்தது மாநில அரசு. அலை ஓயும்வரை ஒன்றும் நடக்கவில்லை.

திருத்தணிக்காரர் ஊரை விட்டுப் போனார் என்று குறைப்பட நமக்கு உரிமை கொஞ்சம் கம்மிதான்!

*

அடுத்து அவர் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது ரோட்டா வைரஸ் கதை. கைக்குழந்தைகளுக்கு வரும் கொடிய வயிற்றுப்போக்குக்கு அந்தக் கிருமி ஒரு முக்கியக் காரணம். 1980-களின் நடுவில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் டாக்டர் எம்.கே.பான் ஒரு விநோதத்தைக் கவனித்தார். பிறந்த குழந்தைகள் சிலரிடம் ரோட்டா வைரஸ் இருந்தது, ஆனால் வயிற்றுப்போக்கு இல்லை. அந்தக் குழந்தைகளுக்குப் பின்னாலும் அந்த நோய் கடுமையாக வரவில்லை. இயற்கையே செய்து வைத்த தடுப்பு மருந்து! அதற்கு '116இ' என்று பெயர் வைத்தார்கள்.

அதைச் சொட்டு மருந்தாக்கும் பொறுப்பு பாரத் பயோடெக்கிடம் வந்தது. டெல்லி, புனே, நம் வேலூர் மூன்று இடங்களிலும் 6,799 குழந்தைகளிடம் பரீட்சை. 2013-ல் ரிசல்ட் வந்தது. பாதுகாப்பு 56 சதவீதம். 'இவ்வளவுதானா?' என்று உதட்டைப் பிதுக்கலாம். ஆனால் வெளிநாட்டு ரோட்டா மருந்துகளும் ஏழை நாடுகளில் ஏறக்குறைய அவ்வளவுதான் வேலை செய்தன. எண்ணை அலங்கரிக்காமல் சொன்னார்கள், ஒரு டோஸ் ஒரு டாலர் என்றார்கள். 2015 மார்ச்சில் வெளியீடு. 2016-லிருந்து அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் படிப்படியாகச் சேர்த்தார்கள்.

டைபாய்டு ஊசி இன்னொரு அத்தியாயம். பாகிஸ்தானில் சிந்து மாகாணத்திலும் ஹைதராபாத் என்று ஒரு நகரம் உண்டு. 2016-ல் அங்கே கிளம்பிய டைபாய்டு, பெரும்பாலான மருந்துகளுக்கு மசியவில்லை. அதைத் தடுக்க அங்கே குழந்தைகளுக்குப் போட்டது நம் ஹைதராபாத்தில் செய்த டைப்பார் ஊசி. 2019-ல் உலகிலேயே முதல் நாடாக பாகிஸ்தான் அந்த வகை ஊசியைத் தன் வழக்கமான தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்தது. இரண்டு நாடுகளும் முறைத்துக்கொண்டிருந்த வருஷம் அது. ஊசிக்கு எல்லைக்கோடு தெரியவில்லை.

*

இப்படி இருபத்தைந்து வருஷம் 'விலை' என்ற கேள்விக்குப் பதில் சொன்னவர் முன்னால், 2021-ல் அந்த இரண்டாவது கேள்வி வந்து நின்றது. நம்பலாமா?

புனே வைரஸ் ஆய்வு நிலையம் பிரித்தெடுத்த கொரோனா கிருமியை வைத்து, மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோடு சேர்ந்து கோவாக்சின் தயாரானது. கிருமியைக் கொன்று ஊசியாக்கும் பழைய, பழகிய முறை. மூன்றாம் கட்டப் பரீட்சைக்கு 25,800 பேர். பரீட்சை நடந்துகொண்டிருந்தபோதே, 2021 ஜனவரி 3-ம் தேதி அரசு அவசர அனுமதி கொடுத்துவிட்டது. பரீட்சைப் பேப்பர் திருத்தும் முன்பே ரேங்க் அறிவித்த மாதிரி!

கேள்விகள் கிளம்பின. மருத்துவர்கள், செவிலியர்களே தயங்கினார்கள். விமர்சனம் செய்தவர்களுக்கு எல்லா கொஞ்சம் சூடாகவே பதில் சொன்னார். இந்தியக் கம்பெனி என்பதால்தானே இப்படிக் குடைகிறீர்கள் என்று கேட்டார். அவர் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் திருவள்ளூர்ப் பரீட்சை என்ன சொல்லிக் கொடுத்தது? கோபத்தாலோ தேசபக்தியாலோ ஊசி வேலை செய்யாது. ரகசிய எண்ணைத் திறந்து, கணக்கைக் காட்ட வேண்டும்.

கணக்கு வந்தது. 77.8 சதவீதப் பாதுகாப்பு என்று 2021 நவம்பரில் 'லான்செட்' இதழில் முழுசாக வெளியானது. அதே நவம்பர் 3-ம் தேதி உலக சுகாதார நிறுவனமும் பட்டியலில் சேர்த்தது. ஆக, ஊசி வேலை செய்தது. ஆனால் அந்தப் பத்து மாதம்? வெளிநாட்டில் வேலைக்கும் படிப்புக்கும் போக வேண்டியவர்கள், 'இந்த ஊசியை எங்கள் பட்டியலில் காணோமே' என்று பல நாடுகள் கைவிரிக்க, கையில் சர்ட்டிஃபிகேட்டோடு தவித்தார்கள். 2022-ல் உலக சுகாதார நிறுவனம் தொழிற்சாலையைச் சோதித்துவிட்டு, ஊசியின் பாதுகாப்பில் கவலை இல்லை, ஆனால் தயாரிப்பு முறையில் குறை இருக்கிறது என்று ஐ.நா. அமைப்புகள் வழியான சப்ளையை நிறுத்திவைத்தது.

விலை விஷயத்திலும் சறுக்கல். தண்ணீர் பாட்டிலைவிடக் குறைந்த விலையில் தருவோம் என்று 2020-ல் சொன்னவர்கள், மத்திய அரசுக்கு 150 ரூபாய், மாநிலங்களுக்கு 600, பிறகு 400, தனியார் மருத்துவமனைக்கு 1,200 என்று 2021-ல் விலைப் பட்டியல் போட்டார்கள். 150 ரூபாய்க்குக் கட்டுப்படியாகாது, அதை ஈடுகட்டத்தான் இந்த விலை என்று விளக்கம் வந்தது. தனியாரில் ஒரு டோஸ் 1,410 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று அரசு உச்சவரம்பு வைத்தது. இரண்டு டோஸுக்கு 2,820. கும்மிடிப்பூண்டியில் உருக்கு உலை முன்னால் நின்று கூலி வாங்குகிற ஒரு வடநாட்டுத் தொழிலாளி அந்தப் பணத்துக்கு எத்தனை நாள் வேக வேண்டும்? அவர் இலவச ஊசி முகாமுக்குக் காத்திருந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரலில், அதே 1,200 ரூபாய் ஊசி 225 ரூபாயானது.

2022-ல் கிருஷ்ணா எல்லாவுக்கும் சுசித்ரா எல்லாவுக்கும் சேர்த்துப் பத்மபூஷண் கொடுத்தார்கள். தகும். ஹெபடைடிஸ், ரோட்டா, டைபாய்டு என்று மூன்று நோய்களுக்கு ஏழைக் குழந்தைகளின் பக்கம் நின்ற கம்பெனிக்கு அந்த மரியாதை நிச்சயம் தகும். ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையைச் சொல்லும்போது வெற்றியை மட்டும் சொல்லிவிட்டு மாலை போடுவது நம் பழக்கம். எனக்கென்னவோ, அவர் தடுமாறிய இடத்தில்தான் நமக்குப் பாடம் அதிகம் என்று தோன்றுகிறது. விலையைக் குறைக்கக் கெட்டிக்காரத்தனம் வேண்டும். நம்பிக்கையைச் சம்பாதிக்கப் பொறுமை வேண்டும். ரோட்டா மருந்தில் இரண்டும் இருந்தன. கோவாக்சினில், அவசரத்தில், பொறுமைக்கு இடம் கொடுக்கவில்லை. அந்த அவசரத்தில் கம்பெனிக்கு மட்டுமா பங்கு? அனுமதி கொடுத்த அரசுக்கும் உண்டு. பயந்து கிடந்த நமக்கும் கொஞ்சம் உண்டு.

அடுத்த தொற்று நோய் என்றைக்கு வரும் என்று தெரியாது. வரும்போது ஊசியும் வரும், கூடவே ஆயிரம் வாட்ஸ்அப் வதந்தியும் வரும். அப்போது 'நம் நாட்டு ஊசி' என்றோ 'வெளிநாட்டுச் சதி' என்றோ யார் சொன்னாலும் கொஞ்சம் நிதானியுங்கள். 'எத்தனை பேருக்குப் போட்டுப் பார்த்தீர்கள்? சும்மா ஊசி போட்டவர்களோடு ஒப்பிட்டீர்களா? கணக்கை எங்கே வெளியிட்டீர்கள்?' என்று மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள். சரியான பதில் வந்தால், தயங்காமல் கையை நீட்டுங்கள். அந்தக் கேள்விகளைக் கேட்கும் உரிமையை திருவள்ளூர் ஜனங்கள் நமக்கு எப்போதோ வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். 209 பஞ்சாயத்து, 9 டவுன், பதினைந்து வருஷம்!